மெருகுப் பிரிவின் நூறு சதவீதம்

கட்சுமி தும்மினால் அடுத்த நிமிடம் அவன் கையில் தெர்மாமீட்டர் இருக்கும். சட்டகக் கம்பி விரலில் கீறினால், ரத்தத்தைத் துடைப்பதற்கு முன் தடுப்பூசி எங்கே போடுகிறார்கள் என்று விசாரிப்பான். இருபது வருடக் குடித்தனத்தில் நோய் விஷயத்தில் அவனைத் தைரியசாலியாகக் கனாயே ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட ஆள் அன்று காலை அந்தப் பரிசோதனை முடிவுக் கடிதத்தைப் படித்தான். பேருந்து நேரம் பார்த்து முடித்தவன்போல மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மெருகுச் சக்கரத்தின் பக்கம் போய்விட்டான். விசிலடித்துக்கொண்டு வேறு.

கனாயேவுக்கு முதலில் பயம்தான் வந்தது. ஐந்து நிமிடம் கழித்து, அந்தப் பயத்தைத் தள்ளிக்கொண்டு வேறொன்று முன்னால் வந்து நின்றது. ஏன் இந்த மனுஷன் பயப்படவில்லை?

சபாயே ஊரின் அந்த மூக்குக் கண்ணாடிச் சட்டக ஆலையில் முப்பத்தெட்டு பேர் வேலை செய்கிறார்கள். நிர்வாக அறையில் சம்பளம், லீவு, தேநீர்த் தூள் எல்லாவற்றோடும் சேர்த்து ஊழியர் ஆரோக்கியத் திட்டத்தையும் பார்ப்பவள் கனாயே. மெருகுப் பிரிவின் தலைவன் அவள் கணவன். மூன்று வருடத்துக்கு முன் நாகதா என்ற தொழிலாளி, ஐம்பத்திரண்டு வயதில், வேலை மேசை மீதே சரிந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவள் கனாயே. அவருடைய இழுப்பறையைக் காலி செய்தவளும் அவள்தான். ரத்தக்கொதிப்பு அதிகம், மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதிய தாள்கள் அதற்குள் நான்கு இருந்தன. நான்கும் உறை பிரிக்கப்படாமலே இருந்தன.

அன்றிலிருந்துதான் இந்தத் திட்டம். முன்பெல்லாம் காலை எட்டே காலுக்கு வானொலி உடற்பயிற்சியின் பியானோ இசைக்குக் கையைக் காலை ஆட்டிவிட்டு எல்லோரும் கலைந்துவிடுவார்கள். இப்போது இடுப்புச் சுற்றளவு உண்டு, உப்புக் கணக்கு உண்டு, தூக்கம் வருகிறதா என்று கேள்வித்தாள் உண்டு. "வீட்டுல மாமியாருக்குப் பயப்படணும், ஆலையில கனாயேவுக்குப் பயப்படணும்" என்பது சாப்பாட்டு அறையின் நிரந்தர நகைச்சுவை. சிரித்தாலும் வந்தார்கள். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

இந்த வருடம் குடல் பரிசோதனையையும் சேர்த்தாள். ஆளுக்கு இரண்டு சிறு குழாய்கள். அடுத்தடுத்து இரண்டு நாள், வீட்டுக் கழிப்பறையில், அவரவரே மாதிரி எடுத்துத் தர வேண்டும். இதற்கு யார் முன்வருவார்கள்? அதனால் ஒரு கொடி வைத்தாள். எந்தப் பிரிவில் அத்தனை பேரும் தருகிறார்களோ அந்தப் பிரிவுக்குக் கொடி, கூடவே ஒருநாள் விடுமுறை. கடைசி நாள் வரை இழுத்து, கடைசி ஆளாகக் கட்சுமி கொடுத்து, மெருகுப் பிரிவும் தன் கொடியைத் தட்டிச் சென்றதும், உடல்நலத்தின் பெருமை பற்றி அவன் பத்து நிமிடம் பேசியதும் மூன்று வாரத்துக்கு முன் பார்த்ததுதான்.

இன்று முடிவுகள் வந்திருந்தன. மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் மூன்று பேர். மூன்றாவது பெயர் கட்சுமி. முதல் நாள் மாதிரியில் ஒன்றுமில்லை, இரண்டாம் நாள் மாதிரியில் ரத்தம், தாமதிக்காமல் குடலுக்குள் கருவி விட்டுப் பார்க்கவும் என்றிருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் மெருகுப் பிரிவுக்குப் போனாள். சக்கரங்கள் நின்றிருந்தன. காலையில் அவளே கட்டிக்கொடுத்த டப்பாவைத் திறந்து, அயிலை மீனை முள் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் கட்சுமி. நல்ல பசி போலிருந்தது.

"ஏங்க, கடிதம் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில இடம் இருக்காம். பேர் குடுத்துடவா?"

"எதுக்கு அவசரம்? பனியெல்லாம் உருகட்டும். அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

"பனிக்கும் உங்க குடலுக்கும் என்ன சம்பந்தம்?"

பக்கத்து மேசையில் ஒருவர் சோற்றை விழுங்க முடியாமல் இருமினார். கனாயே குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாமா எதுல போனார்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

கட்சுமியின் அப்பா போனது ஐம்பத்தொன்றாம் வயதில், குடல் புற்றில். கட்சுமிக்கு இப்போது நாற்பத்தாறு. மீனைப் பிடித்திருந்த குச்சிகள் ஒரு கணம் நின்றன. பிறகு மறுபடி நகர்ந்தன.

"எனக்கு ஒண்ணும் இல்ல, கனாயே. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவன் முட்டைச் சுருளை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டான். வாய் நிறைய இருப்பவனிடம் என்ன கேட்பது?

அறைக்குத் திரும்பியபோது ஆலையின் உரிமையாளர் யாகி அவள் மேசையருகே நின்றுகொண்டிருந்தார். கையில் விண்ணப்பத் தாள். ஊழியர் நலம் பேணும் நிறுவனம் என்று தொழிலதிபர்கள் சங்கம் தரும் சான்றிதழுக்கான விண்ணப்பம் அது. யாகி மகான் எல்லாம் இல்லை. இளவட்டங்கள் யாரும் மெருகு வேலைக்கு வர மாட்டேன் என்கிறார்கள், அதுதான் அவர் கவலை. போன வசந்தத்தில் ஆலையின் ஆரோக்கியத் திட்டத்தைத் துண்டறிக்கையில் போட்டதும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து உடற்பயிற்சிக்கு முதல் வரிசையில் நிற்பவர் அவர்தான்.

"கனாயே-சான், முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு. நூறு சதவீதம்னு போட்டுட்டேன். நம்ம அளவு ஆலையில யாரும் இதைச் செஞ்சதில்லையாம். அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடு."

"சரிங்க."

"அப்புறம், உன் வீட்டுக்காரர் விஷயம் பார்த்தேன். வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கச் சொல்லு. நாகதா மாதிரி இன்னொருத்தரை நான் பார்க்கக் கூடாது."

அவர் போன பிறகு கனாயே மாதிரிகள் பெற்ற பதிவேட்டை எடுத்தாள். பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. காரணம் தெரியாத ஒன்றைத் தெரியாமலே விட்டுவிட அவளால் முடியாது, அவ்வளவுதான்.

மெருகுப் பிரிவில் பதினொரு பேர் திங்களும் செவ்வாயுமாகக் கொடுத்திருந்தார்கள். கட்சுமி மட்டும் புதன்கிழமை, மதியம் ஒன்றே முக்கால்.

புதன்கிழமை. அந்த வாரம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. புத்தாண்டுக்கு அடித்துச் செய்த அரிசிக் கொழுக்கட்டையை அளவில்லாமல் தின்றுவிட்டு, மூன்று நாள் வயிறு அசையாமல் வீட்டையே இரண்டாக்கிக் கொண்டிருந்தான் கட்சுமி. உலர் பிளம், வெந்நீர், பால், மறுபடி வெந்நீர். புதன்கிழமை மாலை மட்டும் முகம் தெளிந்து வந்தான். சாப்பாட்டு டப்பா கட்டியபடியே திரும்பி வந்திருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, மதியம் தம்பி கடையில் சாப்பிட்டேன் என்றான்.

தம்பி தொமோயா ரயில் நிலையத் தெருவில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறான். அந்தக் கடைக்குப் புதன்கிழமை வார விடுமுறை. பதினான்கு வருடமாக.

கனாயே பதிவேட்டை மூடினாள். விஷயம் புரிந்தபோது அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தனியறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மூன்று மணி இடைவேளையில் கட்சுமி ஆலையின் பின்புறம் தானியங்கிப் பெட்டியில் சூடான காபி டப்பா வாங்கிக்கொண்டிருந்தான். மழையும் பனியும் கலந்து கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தன.

"அந்தப் புதன்கிழமை தொமோயா கடையில என்ன சாப்பிட்டீங்க?"

"எந்தப் புதன்கிழமை?"

"கடை மூடியிருந்த புதன்கிழமை."

கட்சுமி டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். பொய் சொல்லத் தெரிந்தவன் என்றால் இந்த நேரத்தில் ஏதாவது சொல்லியிருப்பான்.

"பதினோரு பேர் குடுத்துட்டாங்க. காலைல உள்ள நுழைஞ்சா எல்லாரும் என் மூஞ்சியப் பார்க்குறாங்க. 'வந்துச்சா, வந்துச்சா'ன்னு கேக்குறாங்க. பிரிவுக்கு நான் தலைவன். என் ஒருத்தனால எல்லாரோட கொடியும் போகலாமா? மூணு நாள் முயற்சி பண்ணேன், கனாயே. உனக்கே தெரியும்."

"அதனால தம்பிகிட்டக் கேட்டீங்க."

"குழாயைக் குடுத்தேன். ரெண்டு நாளும் எடுத்து வெச்சிருந்தான். புதன்கிழமை மதியம் போய் வாங்கிட்டு வந்தேன்." அவன் நிமிர்ந்தான். ஒரு பாரம் இறங்கியதுபோல முகம் லேசாகிவிட்டது. "அதான் காலைலேருந்து சொல்றேன், எனக்கு ஒண்ணும் இல்லன்னு. அது என்னோடதே இல்ல."

"சரி, உங்களோடது இல்ல. அப்போ அந்த ரத்தம் யாரோடது?"

கட்சுமி காபி டப்பாவைத் தகர விளிம்பில் வைக்கப் போனான். அது கீழே விழுந்து உருண்டது, அவன் குனிந்து எடுக்கவில்லை. காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நான் யோசிக்கவே இல்ல," என்றான். "சத்தியமா, கனாயே. காலைல கடிதத்தைப் பார்த்ததும் நெஞ்சு நின்னுபோச்சு. அப்புறம், ஆகா, இது என்னோடது இல்லையேன்னு தோணுச்சு. அதோட என் புத்தி நின்னுருச்சு. தொமோயாவுக்கு நாற்பத்திரண்டுதான் ஆகுது."

அவளுக்கு அவனைத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்றும் இருந்தது. கொடி அவள் யோசனை. பன்னிரண்டு பேரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வைத்தது அவள். நாகதாவை யாரும் நெருக்கவில்லை, அவர் இறந்தார். இவர்களை நெருக்கினாள், இவர்கள் ஏமாற்றினார்கள். இப்படி ஏமாற்றியிருக்காவிட்டால் இந்த ரத்தத்தை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்பதையும் அவளால் ஒதுக்க முடியவில்லை.

"எழுந்திருங்க. கடை இப்போ மூடியிருக்கும், சாயங்காலம்தான் திறப்பாங்க. போயிட்டு வந்துடலாம்."

வண்டியில் ஏறுமுன் யாகியைக் கைபேசியில் அழைத்தாள்.

"ஐயா, அந்த விண்ணப்பத்தை அனுப்பல. நூறு இல்லீங்க. முப்பத்தேழு பேர்தான்."

"யாரு குடுக்கல?"

"என் வீட்டுக்காரர். வேற ஒருத்தரோடதைக் குடுத்திருக்கார்."

மறுமுனையில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு உடற்பயிற்சிக்கு முன்னாடி ரெண்டு பேரும் என் அறைக்கு வாங்க," என்றார் யாகி. குரலில் கோபமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வைத்துவிட்டார்.

பாதி தூரம் போனதும் கட்சுமி மெல்லக் கேட்டான்.

"அப்படின்னா என்னோடது?"

"உங்களோடது என்ன?"

"எனக்கு இருக்கா இல்லையா?"

"யாருக்குத் தெரியும்? நீங்கதான் குடுக்கவே இல்லையே."

அவன் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. ரயில் நிலையத் தெரு வரும்வரை அங்கேயே இருந்தது.

கடையின் முன்கதவில் இடைவேளைப் பலகை தொங்கியது. பக்கக் கதவு வழியாக நுழைந்தார்கள். தொமோயா மாலை வியாபாரத்துக்கு மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். உள்ளே சமையல்கட்டில் அவன் மனைவி மிஹோ பாத்திரம் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"வாங்க அண்ணி. என்ன, அண்ணன் முகம் பேயடிச்ச மாதிரி இருக்கு? ஜுரமா? எத்தனை டிகிரி?"

"தொமோயா, நீ அண்ணனுக்குக் குடுத்தியே, அந்தக் குழாய்."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். "அண்ணி, மாவு தேய்க்கும்போது அந்தப் பேச்சு வேணாம். சாயங்காலம் வர்றவன் முகம் சுளிப்பான். மாட்டிக்கிட்டானா இவன்?"

கனாயே சுற்றி வளைக்கவில்லை. ரத்தம் வந்திருப்பதைச் சொன்னாள். கடிதத்தை மேசையில் விரித்து வைத்தாள்.

உருளைக் கட்டை நின்றது. தொமோயாவின் சிரிப்பு உடனே போகவில்லை. போக வழி தெரியாமல் முகத்திலேயே சற்று நேரம் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. நல்லாத்தான் இருக்கேன்."

"இன்னைக்கு இதே வார்த்தையை ஏற்கனவே ஒருத்தர்கிட்டக் கேட்டுட்டேன். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போற."

"வெள்ளிக்கிழமையா? நல்லா சொன்னீங்க. உங்களுக்கு ஆலை இருக்கு. படுத்தா சம்பளத்தோட லீவு, எழுந்தா உடற்பயிற்சி. என் இடுப்பை யார் அளந்தாங்க? எனக்கு யார் கொடி குடுத்தாங்க? நகராட்சிக்காரன் வருஷா வருஷம் ஒரு கடுதாசி போடுறான். அதை மடிச்சு மூணாவது மேசைக் காலுக்குக் கீழ வெச்சிருக்கேன், மேசை ஆடாம நிக்குது. கடையை மூடினா அடுத்த நாள் கூட்டம் எதிர்க் கடையில நிக்கும்."

"தொமோயா." கட்சுமியின் குரல் உடைந்திருந்தது. "அப்பாவை மாடியிலேருந்து தூக்கிட்டு வந்தோமே, நீயும் நானும். உனக்குப் பதினேழு வயசு. எவ்வளவு கனம் இருந்தார்னு ஞாபகம் இருக்கா? கனமே இல்ல. கெஞ்சிக் கேக்குறேண்டா. போ. கடையில நான் வந்து நிக்கிறேன்."

"நீ வந்து நின்னா இருக்குற கூட்டமும் போயிடும்," என்றான் தொமோயா. ஆனால் கையிலிருந்த மாவைத் துடைத்துவிட்டு, கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தான். வரி வரியாகப் படித்தான். ஓர் இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"அண்ணி, இது என்ன? முதல் நாள் ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கு."

"ஆமா. ரெண்டாவது நாள் மாதிரியிலதான் ரத்தம்."

"செவ்வாய்க்கிழமை எடுத்தது முதல் நாள். புதன்கிழமை எடுத்தது ரெண்டாவது."

"ஆமா. அதுல என்ன?"

தொமோயா நிமிர்ந்து பார்க்கவில்லை. "செவ்வாய்க்கிழமை எடுத்தது என்னோடது."

"புதன்கிழமை?"

"புதன்கிழமை எனக்கும் அண்ணன் கதைதான் ஆயிடுச்சு. மதியம் இவன் வந்து கையை நீட்டுவான்னு தெரியும். அதனால..."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மிஹோ ஈரக் கையை முன்துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு முப்பத்தொன்பது. மெலிந்திருக்கிறாள் என்று கனாயே புத்தாண்டின்போதே நினைத்தாள். கடை வேலை என்று அப்போதே மறந்தும் போனாள்.

"அது என்னோடது அக்கா," என்றாள் மிஹோ.

கனாயேதான் கேட்டாள். கேட்கப் பயமாக இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உனக்கு முன்னாடியே ஏதாவது தெரிஞ்சுதா, மிஹோ?"

"அக்டோபர்லேருந்து வருது."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றான் தொமோயா.

"எப்பச் சொல்றது? மத்தியானம் கூட்டம், சாயங்காலம் கூட்டம், புதன்கிழமை நீங்க தூங்குவீங்க. டாக்டர்கிட்டப் போனா அவர் சொல்றதை நின்னு கேக்கணும். தனியா நின்னு கேக்கத் தைரியம் வரல. நாற்பது ஆனா எனக்கும் நகராட்சியிலேருந்து கடுதாசி வரும், ஆகஸ்ட்ல. எல்லாருக்கும் வர்ற கடுதாசிதானே, அது வந்தா போயிடலாம்னு இருந்தேன்." அவள் கடிதத்தைப் பார்த்தாள். "அப்பதான் நீங்க அந்தக் குழாயை நீட்டினீங்க. யார் பேர்ல போனா என்ன, எங்கேயோ ஒருத்தர் பார்த்து ஒரு பதில் எழுதுவாங்கல்ல? மூணு வாரமா உங்க ஆலைத் தபாலுக்குத்தான் நானும் காத்துட்டிருந்தேன் அக்கா."

கட்சுமி தலை குனிந்துகொண்டான். கனாயேவின் கண் நிறைந்தது. முப்பத்தெட்டுப் பேரையும் துரத்தித் துரத்திக் கணக்கெடுத்தவள் அவள். வாரத்துக்கு ஒருமுறை இந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டவளும் அவள்தான். சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்த கையை ஒரு நாளும் அவள் பார்க்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். மருத்துவமனை எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. எடுத்த பெண் பெயரைக் கேட்டாள். கனாயே வாயைத் திறக்குமுன் மிஹோ கையை நீட்டிக் கைபேசியை வாங்கிக்கொண்டாள்.

தன் பெயரைச் சொன்னாள். வயதைச் சொன்னாள். அக்டோபர் மாதத்திலிருந்து என்றாள், குரல் நடுங்காமல். மறுமுனை ஏதோ கேட்டது.

"கம்பெனி எதுவும் இல்லீங்க," என்றாள். "நான் மட்டும்தான்."

"நானும் வர்றேன்னு சொல்லு," என்றான் தொமோயா.